துபாய்க்கும் பம்பாய்க்கும் நடுவில் ஒரு நூல்

உப்பில் ஊறிய ஈரச் சாக்கின் வாடை மூக்கில் பட்டால் இன்றைக்கும் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். மரக்காணத்து உப்பளங்களில் பிறந்து வளர்ந்தவளுக்கு உப்பு வாடை ஆகாதா என்று சிரிப்பார்கள். காரணத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை.

எழுபதுகளின் நடுவில் அப்பா துபாய்க்குக் கட்டட வேலைக்குப் போனார். எங்கள் தெருவில் "ஏரோப்ளேன்" ஏறிய முதல் ஆள் அவர்தான் என்பதால், ஏழாவது படித்துக்கொண்டிருந்த எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. பள்ளிக்கூடத்து அட்லஸை விரித்து, அம்மா பூக்கட்டும் நூலைத் துபாய்க்கும் பம்பாய்க்கும் நடுவில் இழுத்துப் பிடித்து, கீழே போட்டிருக்கும் கிலோமீட்டர் அளவோடு ஒட்டிப் பார்த்து, ப்ளேன் வேகத்தால் வகுத்து, "மூணு மணி நேரந்தான், பஸ்ஸுல மெட்ராஸ் போற நேரங்கூட ஆவாது" என்று கேட்டவர் கேளாதவர் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த கோடையில் என் தம்பி சேகர் மஞ்சள் காமாலை கண்டு ஒரு காலையில் செத்துப்போனான். நாலு வயது. சின்னப் பிள்ளைகளை எங்கள் பக்கம் பொழுது சாய்வதற்குள் புதைத்துவிடுவார்கள், யாருக்காகவும் வைத்திருப்பதில்லை. மாமா தந்தி கொடுத்துவிட்டு வந்து குழி வெட்ட ஆளும் சொல்லிவிட்டார். அம்மா மட்டும் பிள்ளையை மடியிலிருந்து இறக்காமல், "ஏண்டி, உங்கப்பா வர எவ்ளோ நேரம் ஆவும்?" என்று என்னைக் கேட்டாள்.

தெருவே என் வாயைப் பார்த்தது. துபாயிலிருந்து பம்பாய் மூன்று மணி நேரம், பம்பாயிலிருந்து மெட்ராஸ் இரண்டு மணி நேரம், அப்புறம் பஸ் என்று விரல்விட்டு எண்ணி, "நாளைக்கு மத்தியானம் வந்துடுவாரு" என்றேன். தம்பி செத்த துக்கத்தைவிட, பெரியவர்கள் என்னைக் கேட்டு நடக்கிறார்கள் என்ற பெருமைதான் அப்போது எனக்குப் பெரிதாக இருந்தது. கேவலம், ஆனால் அதுதான் உண்மை.

அதுவரை பிள்ளையை வைத்திருக்க ஐஸ் வேண்டுமானால் பாண்டிச்சேரிக்குப் போக வேண்டும். உப்பு காலடியில் கிடந்தது. மாமா சாக்குச் சாக்காய்க் கொண்டுவந்து, சேகரின் முகத்தில் ஒரு துணியைப் போட்டு, மேலே கொட்டி மூடினார். மறுநாள் மத்தியானம் அப்பா வரவில்லை. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ரோட்டுக்கு ஓடிவிட்டு வந்து, "அடுத்த ப்ளேன்ல வருவாரும்மா" என்றேன். மூன்றாம் நாள் எட்டிப்பார்த்த பக்கத்துத் தெருக்காரி ஒருத்தி, "கருவாடு போட்டாப்புல போட்டுட்டீங்களே" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்கப்புறம்தான் மாமா எழுந்து உப்பைத் தள்ளினார். துணியை எடுத்தபோது அங்கே சேகர் இல்லை. வற்றிக் கறுத்து, உதடு இழுத்துப் பல் தெரிய, யாரோ ஒரு கிழவன் கிடந்தான். அம்மா அதைப் பார்த்தாள்.

அப்பா நாற்பது நாள் கழித்து வந்தார். தந்தி அவர் கைக்குப் போனதே நாலாம் நாளாம். பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கிப் பூட்டி வைத்திருந்தானாம். அட்லஸில் இதெல்லாம் போட்டிருக்கவில்லை. சேகரை யாரும் போட்டோ எடுத்ததில்லை. அம்மாவுக்கு மிஞ்சியது அந்தக் கடைசி முகம் ஒன்றுதான், அதைக் கொடுத்தவள் நான்.

இப்போது தந்தி கிடையாது, அட்லஸை விரிப்பாரும் இல்லை, எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த அளத்தில் ப்ளாட் போட்டுவிட்டார்கள். போன மாதம் தோஹாவிலிருந்து என் மகன் கிளம்பியபோது, அவன் விமானம் கடல்மேல் நகர்வதைச் செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்பதைத் தாண்டிய அம்மா பக்கத்தில் படுத்திருந்தாள். "பேரன் எப்ப வர்றான்?" என்றாள்.

"நாலு மணி நேரத்துல சென்னைக்கு வந்துடுவாம்மா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

அம்மா செல்போனைப் பார்க்கவில்லை, என் விரல்களைப் பார்த்தாள்.

"நூல் எங்கடி?" என்றாள்.