கப்பல் கந்தனின் பதினேழாம் புத்தகம்

மும்பை செம்பூரில் எங்கள் கட்டடத்துக்குக் கீழே புதிதாக ஒரு சலூன் வந்திருக்கிறது. ஏசி, கண்ணாடிக் கதவு, சுழல் நாற்காலி எல்லாம் உண்டு. போன வாரம் சவரத்துக்குப் போய் உட்கார்ந்தேன். பையன் நுரை தடவி, கத்தியை ஓர் இழுப்பு இழுத்து, வெள்ளை டிஷ்யூ தாளில் துடைத்தான். அதில் ஒரு படம் கிடையாது, ஓர் எழுத்து கிடையாது. எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. கத்தி பட்டுவிட்டதோ என்று பயந்து, "அங்கிள், லகா க்யா?" என்றான். அவனிடம் என்னத்தைச் சொல்ல? உங்களிடம் சொல்கிறேன்.

சவர சோப்பின் வாசனை எனக்குக் கப்பல் வாசனை. சிரிக்காதீர்கள். மாட்டுங்காவில் ஓர் அறையும் சமையலறையுமாக நாங்கள் இருந்த காலத்தில், நானும் என் தம்பி ரமணியும் 'கப்பல் கந்தன்' என்ற படக்கதைப் புத்தகங்களுக்குப் பித்துப்பிடித்து அலைந்தோம். மதராஸில் ஏதோ ஒரு சின்ன அச்சகம் போட்டது. முப்பது புத்தகத்தோடு கடையைக் கட்டிவிட்டார்கள். கந்தன் சரக்குக் கப்பலில் வேலை பார்ப்பவன். கையில் நங்கூரம் பச்சை குத்தியிருப்பான். துறைமுகத்துக்குத் துறைமுகம் வம்பில் மாட்டுவான், மீள்வான். கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைக் கடை, வடாலாவில் வீடு காலி செய்தவர்களின் பரண், மான்குர்தில் ஒரு மாமாவின் தகரப் பெட்டி என்று பொறுக்கிப் பொறுக்கி எல்லாவற்றையும் சேர்த்துவிட்டோம், பதினேழாவதைத் தவிர.

அது இல்லாததுதான் எங்கள் தலைவலி. பதினாறு முடியும்போது கந்தனைக் கப்பலின் அடித்தளத்தில் போட்டு மூடிவிடுகிறார்கள். உள்ளே தண்ணீர் ஏறுகிறது. 'தொடரும்.' பதினெட்டைத் திறந்தால் பிழைத்தானா என்று தெரிந்துவிடும். ரமணிதான் சட்டம் போட்டான்: தாண்டிப் படிக்கக் கூடாது, பதினேழு கிடைத்த பிறகுதான் மற்றது, அதுவும் இரண்டு பேரும் சேர்ந்துதான். பதினெட்டின் அட்டையில் கந்தன் உயிரோடு நிற்கப் போகிறானே என்று, கண்ணை மூடிக்கொண்டு அதற்குப் பழுப்புத் தாள் போட்டேன். சின்னப் பிள்ளை விளையாட்டுதான். ஆனால் நான் பம்பாய்க் கோட்டைப் பக்கம் ஓர் ஆபீஸில் குமாஸ்தாவாகி, மீசை வைத்த பிறகும் அந்தச் சட்டத்தை மீறவில்லை. ரமணியும் மீறவில்லை என்று எனக்குத் தெரியும், அவன் முகத்தில் பொய் நிற்காது.

கடைசியில் கந்தன் செய்த வேலை, தம்பி நிஜமாகவே கப்பலுக்குப் போகிறவனாகிவிட்டான். ரேடியோ ஆபீசர் படிப்பை முடித்துச் சரக்குக் கப்பலில் வேலை. அறுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். வெள்ளிக்கிழமை காலை துறைமுகத்தில் ஆஜராக வேண்டும். அம்மா ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. 'கப்பல்' என்ற வார்த்தை காதில் விழுந்தால் சமையலறைக்குள் போய்விடுவாள். அப்பா இல்லாத வீடு. இவனை எப்படியாவது சிரித்த முகத்தோடு அனுப்பிவிட வேண்டும் என்பதுதான் என் கவலையெல்லாம்.

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டு, அவனுக்குச் சொல்லி வைத்திருந்த தோல் பையை வாங்கத் தாராவிக்குப் போனேன். பக்கிள் தைக்க இன்னும் கொஞ்ச நேரமாகும் என்றார்கள். மறுநாள் வெள்ளி, எங்கள் வீட்டில் சவரம் கூடாது. பக்கத்திலேயே சுடலைமுத்து என்பவரின் சலூன் இருந்தது. இருக்கிற நேரத்தில் முகத்தையாவது மழித்துக்கொள்வோம் என்று உட்கார்ந்தேன்.

அந்தக் காலத்தில் சவரக் கத்தியைத் துடைக்கப் பழைய புத்தகத்தின் தாளைக் கிழித்து, நம் தோளிலேயே விரித்து வைப்பார்கள். புத்தகம் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். சுடலைமுத்து ஒரு கன்னத்தை முடித்துக் கத்தியை என் தோளில் துடைத்தார். தற்செயலாகக் கண்ணாடியைப் பார்த்தேன். என் தோளில் ஒரு கை தெரிந்தது. அந்தக் கையில் நங்கூரம்.

கழுத்தளவு தண்ணீரில் கந்தன் நின்றுகொண்டிருந்தான். கத்தியை இன்னொரு தரம் துடைத்தார். நுரை அவன் மோவாய்க்கு ஏறியது. என் தொண்டையில் கத்தி, வாயில் சோப்பு. "ம்ம்" என்று மட்டும் சொல்ல முடிந்தது.

"ஆடாதீங்க சார், கத்தி நிக்குல்லா" என்றார் சுடலைமுத்து. இன்னொரு துடைப்பு. கந்தன் மூழ்கிவிட்டான். அடுத்த தாளுக்காக அவருடைய இடது கை ஆணிப் பக்கம் போனது. அந்தத் தாளில்தான் அவன் தப்பித்தாக வேண்டும். நான் துணிக்குள்ளிருந்து கையை எடுத்து அவர் கையைப் பிடித்துவிட்டேன். மோவாயில் சுரீர் என்றது.

"கிழிக்காதேங்கோ. அந்தப் புஸ்தகத்தை மட்டும் கிழிக்காதேங்கோ."

பாதி முகத்தில் நுரை, மோவாயில் ரத்தம். எழுந்து குப்பைக் கூடையைக் குடைந்தேன். முடியும் நுரையுமாகக் கசங்கிக் கிடந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். பெஞ்சில் காத்திருந்த ஒருவர், "உள்ள ரூவா எதும் வச்சிருந்தாரோ என்னமோ" என்று பக்கத்து ஆளிடம் சொன்னார். சுடலைமுத்து கத்தியோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்தக் கிழிசலுக்கா இம்புட்டுப் பாடு? எடுத்துட்டுப் போங்க. ஆனா நான் எதுல கத்தியத் தொடைக்க?"

கையிலிருந்த இங்கிலீஷ் பேப்பரை அவரிடம் கொடுத்தேன். மறு கன்னத்தை மழிக்காமலே கிளம்பினேன். அட்டையும் முதல் சில பக்கங்களும் ஏற்கெனவே தாராவிக் கன்னங்களோடு போய்விட்டிருந்தன. பாதகமில்லை, அதில் முன்கதைச் சுருக்கம்தான் இருந்திருக்கும்.

வெளியே மழை கொட்டியது. பக்கிள் தைத்து முடித்திருந்த தோல் பையை வாங்கி, கூடையில் கிடைத்த தாள்களையும் ஆணியில் மிஞ்சியிருந்தவற்றையும் அதற்குள் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரயில் பாதையைத் தாண்டி நடந்தேன். ஒரு மரத்தடியில் ஒதுங்கியபோது, ஒரே ஒரு பக்கம் பார்த்தால் என்ன என்று கை பரபரத்தது. பார்க்கவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய பயம் வீட்டு வாசலில் இருந்தது. சலூனிலிருந்து வந்தால் எங்கள் வீட்டில் எதையும் தொடாமல் நேரே குளியலறைக்குப் போக வேண்டும். கூடவே வந்ததெல்லாம் பக்கெட்டில் நனைய வேண்டும். இன்று இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, அன்றைக்கு அதுதான் வழக்கம். இந்தத் தாள்கள் பக்கெட்டுக்குள் போனால் கூழாகிவிடும்.

அம்மா ரமணிக்காகப் பட்சணம் செய்துகொண்டிருந்தாள். வாசலில் என்னைப் பார்த்ததும் பக்கெட்டோடு வந்துவிட்டாள்.

"என்னடா கோலம் இது? அங்கேயே நில்லு. எதையும் தொடாதே. அந்தப் பையில என்ன?"

நான் அவளுக்குப் பின்னால் நின்ற ரமணியைப் பார்த்து, "பதினேழு" என்றேன்.

அவன் பாய்ந்து வந்தான். "நீ குளிச்சாச்சு, தொடாதே" என்று அம்மா கையை நீட்டி மறித்தாள். அவன் நின்றுவிட்டான். அந்த முகத்தை என்னால் மறக்க முடியாது. மறுநாள் கடலுக்குப் போகப்போகிற ஆண்பிள்ளை, அழுதுவிடுவான் போல இருந்தது. அம்மா அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். வரும்போது கையில் இடுக்கி.

அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்குகிற அதே இடுக்கியால், பைக்குள்ளிருந்து ஒவ்வொரு தாளாகக் கவ்வி எடுத்து, துணிக்கொடியில் போட்டு க்ளிப் மாட்டினாள். பக்க எண் பார்த்து வரிசை தவறாமல் மாட்டினாள். நான் குளித்துவிட்டு வந்தேன். மூவரும் கொடிக்குக் கீழே அண்ணாந்து நின்று படித்தோம். கந்தன் எப்படித் தப்பித்தான் தெரியுமா? கப்பல் சமையல்காரன் அரிசி மூட்டை எடுக்க வந்து மேல் மூடியைத் திறக்கிறான். அவ்வளவுதான்.

"இதுக்கா அண்ணா இத்தனை வருஷம்?" என்று ரமணி சிரித்தான். நானும் சிரித்தேன். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "எல்லாக் கப்பல்லயும் சமையல்காரன் இருப்பானாடா?" என்று கேட்டாள். கப்பலைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அது.

அன்று சாயங்காலம் பதினெட்டைக் கையில் எடுத்த ரமணி திரும்ப வைத்துவிட்டான். "மிச்சத்தை நான் வந்தப்புறம் சேர்ந்து படிக்கலாம். நீ தொடப்படாது." சரி என்றேன். காலையில் சிரித்த முகமாகத்தான் போனான்.

முதலில் கடிதம் ஒழுங்காக வந்தது. பிறகு ஒரு மாதம் ஒன்றும் இல்லை. வங்காள விரிகுடாவில் புயல் என்று பேப்பரில் போட்டிருந்ததை அம்மா பார்க்காமல் மறைத்தேன். ஒரு நாள் தலைவலி என்று மத்தியானமே வீட்டுக்கு வந்தால், அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் இருபத்து மூன்றாம் புத்தகம். இடுக்கி இல்லை, வெறும் கைதான். விரலை ஒவ்வொரு வரிக்கும் அடியில் வைத்து, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படித்துக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்து ஒளிக்கவில்லை. "இவனும் புயல்ல மாட்டிண்டான். பாய்மரமே ஒடைஞ்சு போச்சு. ஆனா வந்துட்டான்" என்றாள். பக்கத்தைப் புரட்டிக்கொண்டே, "நம்மாத்துல கப்பலைப் பத்தி வேற புஸ்தகம் ஏது?" என்றாள். காப்பி போடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். அடுத்த வாரம் கடிதம் வந்தது.

ரமணி விடுமுறையில் வந்தபோது சொன்னபடி பதினெட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். மூன்று பக்கம் தாண்டியிருக்க மாட்டோம். சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "அந்தத் தாடிக்காரனை நம்ப வேண்டாம்னு சொல்லு. சமையல்காரன்தான் நல்லவன்." ரமணி என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் விஷயத்தைச் சொன்னேன். அவன் எழுந்து போய் அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டான். அன்று அதற்கு மேல் நாங்கள் படிக்கவில்லை.

சுடலைமுத்துவின் சலூன் இருந்த சந்தே இப்போது இல்லை. மாட்டுங்கா வீட்டை இடித்து மாடிமேல் மாடியாகக் கட்டிவிட்டார்கள். இப்போது கப்பலுக்குப் போகிற பையன்கள் நடுக்கடலிலிருந்து வீடியோவில் பேசுகிறார்களாம். ரமணி ஓய்வு பெற்று ஐரோலியில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை வருவான். முப்பது புத்தகமும் என் அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. எங்களுக்கு அது சேகரிப்பு, விளையாட்டு. கந்தன் பிழைத்தே ஆக வேண்டும் என்று படித்தவள் அம்மா ஒருத்திதான். அப்படிப் படிக்கிறவர்கள் இப்போது எங்கள் வீட்டில் யாரும் இல்லை.