வெள்ளை காயாத வீடு

கோணி ஊசி தார்ப்பாயைத் துளைத்து மறுபக்கம் வந்தது. மெழுகு தடவிய நூலை இரண்டு கைகளும் இழுத்து இறுக்கின. ஒரு ஆளின் படுக்கையைச் சுருட்டி வைக்கும் அளவுக்கு உறை. லாரித் தார்ப்பாய்க்குப் போடுவதைவிட நெருக்கமான தையல்.

மறுமுனையைப் பிடித்திருந்த தீர்த்தகிரி, "யாருக்குடா இது? இத வெச்சுத் தேரே இழுக்கலாம் போலிருக்கே" என்றார்.

"தெரிஞ்ச ஆளுக்கு" என்றார் நஞ்சப்பன்.

தொப்பூரில் கடை வைத்து லாரிகளுக்குத் தார்ப்பாய் தைப்பது நஞ்சப்பனின் தொழில். பழையவற்றைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தே கற்றுக்கொண்டவர். தீர்த்தகிரி லாரி டிரைவர். தைக்கக் கொடுக்க வந்து நண்பரானவர். தை மாதம் கணவாய் இறக்கத்தில் அவர் ஓட்டிய வண்டி கவிழ்ந்து கிளீனர் செத்துப்போனான். ஆஸ்பத்திரியிலிருந்து நஞ்சப்பன்தான் தன் வீட்டுக்குக் கூட்டிவந்தார். "கால் ஆறுற வரைக்கும் இரு" என்றார். கால் ஆறிவிட்டது. பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து தீர்த்தகிரியின் தம்பி வந்து கூப்பிட்டான். தம்பி பெண்டாட்டி வந்து கூப்பிடவில்லை. அவர் போகவில்லை.

வீட்டில் இருப்பது ஒரே அறை. அதில்தான் தீர்த்தகிரியும் படுக்கிறார். ஆவணியில் மகள் தேவிப்பிரியாவுக்கு வளைகாப்பு. அன்றைக்கே தாய்வீட்டுக்கு அழைத்து வந்திருக்க வேண்டும். "வூட்டுக்கு வெள்ளையடிச்சிட்டுக் கூட்டிக்கறோங்க" என்று சம்பந்தியிடம் சொல்லிவிட்டு, நஞ்சப்பனும் மனைவி கண்ணம்மாளும் மட்டும் பஸ் ஏறினார்கள்.

இன்று காலை மகள் போன் செய்தாள். "ஏம்ப்பா, இன்னும் வெள்ளை காயலையா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

கண்ணம்மாள், "அவருகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுங்களா?" என்றாள்.

"நானே சொல்றேன்."

சொல்ல வாய் வரவில்லை. தைக்க உட்கார்ந்துவிட்டார்.

தீர்த்தகிரி உறையைத் தன் உடம்போடு வைத்துப் பார்த்தார். "ஆளு என் ஒசரம்தான் போல."

ஊசி நின்றது. "உனக்குத்தாண்டா."

தீர்த்தகிரி நிமிர்ந்து பார்த்தார்.

"புள்ளையக் கூட்டியாரணும். ஒம்பதாம் மாசம் பொறந்தாச்சு. அவ படுக்க எடமில்ல."

"புள்ள என்னாலயா அங்க கெடக்குது?" தீர்த்தகிரியின் குரல் தழைந்தது. "முன்னாடியே சொல்லியிருந்தா நான் கடையில படுத்திருப்பேனேடா. இப்பவும் படுத்துக்கறேன்."

"வேண்டாம். நீ கடையில கெடந்தா எனக்கு வூட்ல சோறு எறங்காது. தம்பி வூட்டுக்குப் போயிடு."

"தம்பி பொண்டாட்டி இன்னும் வான்னு சொல்லலையேடா."

நஞ்சப்பன் குனிந்து ஊசியை மறுபடி குத்தினார். மிச்சத் தையலையும் அதே நெருக்கத்தில் போட்டு முடித்தார். தீர்த்தகிரி முனையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். நூலை அறுத்து, தையலை விரலால் நீவிப் பார்த்துவிட்டு, நஞ்சப்பன் உறையை மடித்து நீட்டினார். தீர்த்தகிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.