ஹம்மர்பெஸ்ட் தராத விடுகைப் பத்திரம்

ஒரு பிள்ளையின் முதல்நன்மை விருந்துக்கு அடுத்த நாள் காலை, பாண் வாங்கக் காரெடுத்துப் போனனான். பொலிஸ் மறித்து ஊதச் சொன்னது. ஊதினேன். குளித்துத் தலை சீவிய மனுசனுக்குள் முதல்நாள் விருந்து இன்னும் எழும்பிப் போகாமல் குந்தியிருந்தது என்று எனக்கென்ன தெரியும்?

லைசென்ஸ் போனது. சிறைக்குப் பதிலாக, குடித்துவிட்டு ஓடுகிறவர்களுக்கான வகுப்புக்குப் போகும்படி நீதிமன்றம் சொன்னது. ஒழுங்காகப் போனால் வீடு, குழப்பினால் மறியற்சாலை. நாங்கள் இருந்த, நோர்வேயின் வடகோடி ஊரான ஹம்மர்பெஸ்டில் ஐந்து வகுப்பு முடித்த நேரம், மனைவிக்கு ஒஸ்லோவில் வேலை கிடைத்தது. அங்கே ரொம்சோஸ் பகுதிக்கு வீடு மாறினோம்.

"உங்கட பதிவை ஒஸ்லோவுக்கு மாத்தியாச்சு. அவையள் கூப்பிடுவினம்," என்றா ஹம்மர்பெஸ்டில் எங்களுக்கு வகுப்பு எடுத்த அலுவலர்.

"கடிதம் ஒண்டும் தரமாட்டீங்களோ?"

"தேவையில்லை."

நான் ஊரில் மூன்று பள்ளிக்கூடம் மாறினவன். பழைய பள்ளிக்கூடம் தருகிற விடுகைப் பத்திரம் இல்லாதவனை எந்த அதிபரும் படலைக்குள் விட்டதில்லை. பங்கு மாறினால் மாதா கோயிலும் கடிதம் கேட்கும். மாணவனுக்கே இந்தப் பாடு என்றால், குற்றவாளியை வெறுங்கையோடு சேர்ப்பார்களோ? அந்த மனுசி மறந்துபோய்ச் சொல்லுறா என்று முடிவெடுத்தேன்.

ஒஸ்லோ அலுவலகத்திலிருந்து போனுக்குச் செய்தி வந்தது: செவ்வாய் இரண்டு மணிக்கு வரவும். நான் போகவில்லை. பத்திரம் கேட்டு ஹம்மர்பெஸ்டுக்கு எழுதினேன். 'தேவையில்லை' என்று பதில் வந்தது. இன்னும் பணிவாக, இன்னொரு முறை எழுதினேன். அதற்குப் பதிலே இல்லை.

ஒஸ்லோவிலிருந்து இரண்டாம் செய்தி வந்தது: நீங்கள் வரவில்லை. இந்தச் செவ்வாயும் வராவிட்டால் விசயம் திரும்ப நீதிமன்றத்துக்குப் போகும்.

மனைவி அதை இரண்டு தரம் வாசித்தா.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கென்ன விசரே? வா எண்டால் போறதுதானே!"

"பேப்பர் இல்லாமல் எப்பிடியப்பா போறது?"

"அப்ப மறியலுக்குப் போங்கோ. அங்கை பேப்பர் கேக்காமல் எடுப்பினம்."

பயத்தில் மூளை வேலை செய்யாது. எனக்கு அளவுக்கு மிஞ்சி வேலை செய்தது. அடுத்த நாளே எங்கள் கோயில் பாதரிடம் ஓடி நற்சான்றிதழ் கேட்டேன்.

"என்னத்துக்கு?"

"ஒரு வகுப்பிலை சேர, பாதர்."

மேற்கொண்டு அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. 'ஐம்பது வயதிலும் கல்வியில் தீராத ஆர்வமுள்ளவர்' என்று நோர்வேஜிய மொழியில் அழகாக எழுதி, முத்திரையும் குத்தித் தந்தார்.

செவ்வாய்க்கிழமை ரி-பான் ரயிலில் போனேன். மடியில் ஒரு பைல். அதற்குள் பாதரின் கடிதம், கலியாணப் பதிவு, எதற்கும் இருக்கட்டும் என்று ஊசி போட்ட அட்டையும். அலுவலர் ஒரு இளம் பெண். பாதரின் கடிதத்தை முழுதாக வாசித்துவிட்டு, பூப்போல மேசையில் வைத்தா.

"போன தடவை ஏன் வரேல்லை?"

"ஒஸ்லோ ரயில் எல்லாம் என்னைக் கண்டால் ஓடுது. ஊதச் சொல்லிப்போடுவனோ எண்டு பயம் போல."

அவ சிரிக்கவில்லை. எதையோ தட்டினா. நீதிமன்றத்துக்குத்தான் எழுதுகிறா என்று எனக்கு வேர்த்தது. பிறகு கணினித் திரையை என் பக்கம் திருப்பினா. என் ஐந்து வகுப்பும் அதில் இருந்தன, திகதியோடு. எனக்கு முன்னாலேயே வந்து காத்துக்கொண்டிருந்திருக்கின்றன. கீழே ஹம்மர்பெஸ்ட் மனுசியின் குறிப்பு: 'இவர் பயந்தால் பகிடி விடுவார். அது முடியும்வரை பொறுத்திருந்து, கேள்வியைத் திரும்பக் கேட்கவும்.'

"ஏன் வரேல்லை?" திரும்பக் கேட்டா.

வாயில் இன்னொரு பகிடி தயாராகத்தான் இருந்தது. விழுங்கினேன்.

"திருப்பி அனுப்பிப்போடுவியள் எண்டு பயந்திட்டன்."

அவ தலையாட்டி, ஆறாம் வகுப்புக்கு நேராக என் வருகையைப் பதிந்தா. பாதரின் கடிதத்தைக் கையில் தந்து, பக்கத்து அறைக் கதவைக் காட்டினா. உள்ளே ஏழெட்டுப் பேர் வட்டமாக இருந்தார்கள். ஒருவரிடமும் பைல் இல்லை.