உல்ஃப் தொட்டியில் கண்ணாடி ரோஜா

ஜெர்மனியில், பிரேமன் நகரில் டிராம் ஓட்டும் உல்ஃப் பிராடர்சனைப் போல ஒரு சுத்தக்காரனை நான் கண்டதில்லை. வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் கடல் உயிர்களை வளர்ப்பவர்களின் கூட்டமான எங்கள் கடல்தொட்டிச் சங்கத்தில் அவன்தான் எல்லோருக்கும் வாத்தியார், யாரும் கேட்காமலேயே. நாங்களெல்லாம் புதுப் பவளத்தை ஆசையாகத் தொட்டியில் இறக்குவோம். அவன் அதைத் தனி வாளியில் வாரக்கணக்கில் சிறை வைத்துத்தான் உள்ளே விடுவான். தொட்டியில் கண்ணாடி ரோஜா வந்தவர்கள் அந்த வருஷம் பவளத் துண்டு எதையும் சங்கத்துக்குக் கொண்டுவரக் கூடாது என்று விதி போட்டதும் அவன்தான். பெயர்தான் ரோஜா. பழுப்பு நிறத்தில் நகம் அளவுக்குப் பாறையில் ஒட்டிக்கொண்டு, பக்கத்துப் பவளங்களைக் கொட்டியே கொல்லும் பிராணி அது. பவளத் துண்டோடு ஒட்டிப் போய் அடுத்த தொட்டியிலும் பரவிவிடும்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பவளம் நன்றாக வளர்ந்தால் ஒரு கிளையை ஒடித்து இன்னொருவருக்குக் கொடுப்போம். என்றாவது நம் தொட்டி செத்தால், அவர் ஒரு துண்டைத் திருப்பித் தர வேண்டும். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வீப்கெ அப்படித்தான் உல்ஃபுக்கு ஓர் ஊதாப் பவளம் கொடுத்திருந்தாள். போன குளிர்காலத்தில் மின்சாரம் போய் அவள் தொட்டியில் ஒன்றும் மிஞ்சவில்லை. அவள் வளர்த்த ஊதா அதன்பின் உல்ஃபிடம் மட்டும்தான் இருந்தது. வசந்த காலக் கூட்டத்துக்குக் கொண்டுவருகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தான்.

அதற்குள் அவன் தொட்டியிலேயே ரோஜா வந்துவிட்டது.

செய்யவே கூடாது என்று எங்களிடம் தலையில் அடித்துக்கொண்டு சொன்னதையே ஆத்திரத்தில் அவன் செய்தான். இடுக்கியால் நசுக்கினான். நசுங்கிய துணுக்குகள் எல்லாம் புது ரோஜாவாக முளைத்தன. பிறகு எலுமிச்சைச் சாறு, வெந்நீர், கடை மருந்து என்று ஊசியால் ஏற்றித் தள்ளினான். ரோஜா அசரவில்லை, ஊதாப் பவளம்தான் வெளுக்க ஆரம்பித்தது. மனுஷன் சாப்பிடக்கூட வருவதில்லை, நீயாவது சொல் என்று அவன் மனைவி கேசா என்னிடம் வந்து நின்றாள். சொன்னேன். யார் கேட்டது?

கூட்டத்துக்கு வெறுங்கையோடு வந்தான். காப்பி ஆறிக்கொண்டிருக்க, எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னான். வாத்தியார் வீட்டிலேயேவா என்று யாரோ கேட்க, கூடமே சிரித்தது.

வீப்கெ சிரிக்கவில்லை.

"என் பவளம் உயிரோட இருக்கா?"

"பாதி இருக்கு. ஒடிச்சா தாங்காது, பாறையோடதான் எடுக்கணும். பாறை பூரா அந்தச் சனியன்."

"சனியனோடயே குடு."

"விதி இருக்கு, வீப்கெ. நானே போட்டது."

"என் தொட்டியில கெட்டுப்போக என்னப்பா மிச்சம் இருக்கு? தெனமும் வெறும் தண்ணிக்கு விளக்கப் போட்டுட்டு உக்காந்திருக்கேன். எதுவோ ஒண்ணு அசையட்டும்."

சிரித்த எங்களுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அன்று மாலையே உல்ஃப் பாறையை அவள் வீட்டுக்குக் கொண்டுபோனான். துணைக்கு நானும் போனேன். தண்ணீரில் வைத்த பிறகும் பவளம் சுருங்கியே கிடந்தது. கொஞ்ச நேரத்தில் ரோஜாக்கள்தான் முதலில் விரிந்தன. வீப்கெ நாற்காலியைக் கண்ணாடிப் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"பாரேன், ஆடுது" என்றாள்.

உல்ஃபின் பைக்குள் ஊசியும் மருந்தும் இருந்தன. அவன் அதைத் திறக்கவேயில்லை. இன்னொரு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "ஆமா, ஆடுது" என்றான்.