கதவை யாரிடம் கேட்டுக் கழற்றுவது

எங்கள் அலுவலகத்துக்குப் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுச்சென்ற ஒரே ஆடம்பரம் ஓர் ஆளுயர ஃபிரிட்ஜ். ஆட்சி கைமாறிய இரண்டாம் ஆண்டு, தொட்டவர்களையெல்லாம் அது ஷாக் அடித்து உதறத் தொடங்கியது. வயரைத் துண்டித்துக் கொல்லைப்புறத்தில் நிறுத்தினோம். அதோடு விஷயம் முடிந்ததென்று நினைத்தேன்.

கொல்லைப்புற அறையில்தான் காவலாளியின் குடும்பம் இருந்தது. அவர் மகளுக்கு நாலு வயது, எதற்குள்ளும் புகுந்து ஒளிந்துகொள்வாள். ஃபிரிட்ஜின் கதவோ வெளியே பிடியை இழுத்தால்தான் திறக்கும். உள்ளே மாட்டிக்கொண்டவர் முட்டினாலும் திறக்காது, கத்தினாலும் கேட்காது. கதவைக் கழற்றிவிடலாமா என்று காவலாளி கேட்டார். நாலு திருகாணி, பத்து நிமிட வேலை.

விதிமுறை தெரிந்த என்னிடம் கேட்டதுதான் அவர் செய்த தவறு. ஊர் நம் கைக்கு வந்திருந்ததே தவிர, சட்டப்படி இன்னும் வந்துசேரவில்லை. ஃபிரிட்ஜ் இருந்தது பிரெஞ்சுப் பதிவேட்டில். அப்படியானால் கதவு யாருடையது? எதற்கும் இருக்கட்டுமென்று பிரெஞ்சில் ஒரு மனு, ஆங்கிலத்தில் ஒரு மனு எழுதினேன். இரண்டும் அழகாகவே வந்திருந்தன. பதில் வராத ஐந்து மாதமும் காவலாளி வாசலை விட்டுவிட்டு, ஃபிரிட்ஜ் கதவில் நாற்காலியை அண்டக் கொடுத்துக் காவல் இருந்தார்.

கடைசியில் மேலதிகாரி நேரில் வந்தார். குள்ளமான மனிதர். உள்ளிருந்து திறக்காத கதவை எவனாவது செய்வானா என்பது அவர் கட்சி. ஃபிரிட்ஜின் தட்டுகளை எடுக்கச் சொல்லி, உள்ளே குந்தி உட்கார்ந்து, சாத்தச் சொன்னார். காவலாளி சாத்தினார்.

சற்று நேரத்தில் உள்ளே பூனை பிறாண்டுவதுபோல் ஒலி.

காவலாளி பிடியில் கை வைத்தார். இழுக்காமல் என்னைப் பார்த்தார்.

"தொறக்கலாங்களா ஐயா? இல்ல, இதுக்கும் ரெண்டு பாஷையில எழுதணுமா?"

"தொறந்து தொலைய்யா" என்றேன். நான் எழுத்தில் இல்லாமல் போட்ட ஒரே உத்தரவு அது.

வியர்த்து வெளியே வந்த அதிகாரி, கைக்குக் கிடைத்த மனுவின் ஓரத்தில் அனுமதி எழுதினார். அது எந்த மொழி மனு என்றுகூடப் பார்க்கவில்லை. மை காய்வதற்குள் காவலாளி மூன்று திருகாணிகளைக் கழற்றியிருந்தார். நாலாவதை நான் கழற்றினேன்.

கதவில்லாத பெட்டியில் சிறுமி சொப்பு வைத்துச் சோறாக்கினாள்.

அறுபத்திரண்டில் ஊர் சட்டப்படி நம்முடையதான பிறகு, மேலிடத்தில் கிடந்த இன்னொரு மனுவுக்கும் பதில் வந்தது: கதவைக் கழற்ற ஆட்சேபணை இல்லை. காவலாளியிடம் படித்துக் காட்டினேன். அவர், அதற்குள் பத்து வயதாகிவிட்ட மகளைக் கூப்பிட்டார்.

"இனிமே பயப்படாம போயி ஒளிஞ்சிக்கடி. ஐயாவுக்குக் கடுதாசி வந்துடுச்சி."