வயிற்றில் ஒரு செய்தித்தாள்

பச்சை ஆப்பிளை நான்காக நறுக்கி, விதையைக் கிள்ளி எறிந்து, பக்கத்தில் நாலு உப்பு பிஸ்கட்டை விசிறிபோல் பரப்பிவிட்டுத் தட்டைத் தூக்குகிறார் தியோதுலோ. குனிந்து நிமிரும்போது அவர் மேலிருந்து சரசரவென்று ஒரு சத்தம். சீருடைக்குப் போட்ட கஞ்சி என்றுதான் பயணிகள் நினைத்துக்கொள்கிறார்கள்.

அந்த உல்லாசக் கப்பலின் நான்காம் தளத்தில் பதினான்கு அறைகள் அவர் பொறுப்பு. படுக்கை விரிப்பதும், துவாலையை மடித்து அன்னப்பறவை செய்து வைப்பதும் சம்பளத்துக்குச் செய்கிற வேலை. காற்று எழுந்து கப்பல் ஆடத் தொடங்கினால் அவர் பார்க்கிற வேலைக்குச் சம்பளம் கிடையாது, பட்டம் உண்டு. நான்காம் தளத்தில் அவர்தான் ‘டாக்டர்’.

இடது பையில் இஞ்சி மிட்டாய். வலது பையில் புளி மிட்டாய். கழுத்துப்பட்டைக்குள் கட்டைவிரல் உயரத்தில் ஒரு தைலக் குப்பி. “மாத்திரைய ஆட்டம் தொடங்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போடணும் சார். வாந்தி வந்தப்புறம் போட்டா மாத்திரைதான் முதல்ல வெளிய வரும்” என்பார். மாத்திரையோடு மது குடிக்கக் கூடாது என்று ஒருவருக்குச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்: “ரெண்டும் சேர்ந்தா எந்த ஊர்ல இறங்கணும்கறதே மறந்துபோகும் சார்.” குமட்டலை அடக்கும் மணிக்கட்டுப் பட்டையைக் கைக்கடிகாரம்போல அழகுக்குக் கட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பிடித்து நிறுத்தி, உள்பக்கத்தில் மூன்று விரல் அளந்து, பொத்தானை நரம்பின்மேல் உட்கார வைப்பார். “புத்தகத்த மூடுங்கம்மா. கப்பலுக்கு நடுவுல போய் உக்காருங்க. வானமும் கடலும் சேர்ற கோட்டப் பாருங்க. இங்க ஆடாதது அது ஒண்ணுதான்.”

இத்தனை சொல்லும் டாக்டரின் ரகசியம் சலவைக்கூடத்து மெர்லிண்டாவுக்கு மட்டும்தான் தெரியும். தியோதுலோ பிலிப்பைன்ஸின் பனாவே மலைக்காரர். மேகத்துக்கு மேலே படிப்படியாக வெட்டிய நெல்வயலில் பிறந்தவர். பதினெட்டு வருடமாகியும் அவர் வயிறு கடலை மன்னிக்கவில்லை. அலை எழும்பினால் பயணிகளின் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, உரத்த குரலில் காதல் பாட்டுப் பாடுவார். உள்ளே வேறு என்ன நடக்கிறது என்று வெளியே யாருக்கும் கேட்காது. இலோய்லோ கடற்கரையில் மீனவருக்குப் பிறந்த மெர்லிண்டா தினமும் கேட்பாள்: “கூயா, இன்னிக்கு எத்தனை பாட்டு?”

கூயா என்றால் அண்ணன். அண்ணனுக்கு அந்தக் கேள்வி பிடிக்காது.

பாட்டு குறைவதற்கு ஒரே வழி செய்தித்தாள். மலைப் பேருந்தில் ஏறும்போது அவர்கள் ஊரில் எல்லாரும் செய்கிற வைத்தியம்தான் அது: தாளை மடித்துச் சட்டைக்குள்ளே வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொள்வது. காகிதம் வயிற்றிடம் போய் என்ன சொல்கிறது என்று எந்த டாக்டருக்கும் தெரியாது. ஆனால் வயிறு கேட்கிறது. கப்பலில் இப்போது செய்தித்தாளே கிடையாது, எல்லாம் கைபேசியில். ஆகவே, எட்டு மாத ஒப்பந்தத்துக்கு ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் மனைவி பெர்பெத்துவா பெட்டியின் அடியில் விரித்து வைக்கும் எட்டுத் தாள்தான் அவருடைய மொத்தக் கையிருப்பு. “துணியில தூசி படாது” என்று சொல்லி விரிப்பாள். கப்பலில் அவர் மாதத்துக்கு ஒன்றாக உருவிக்கொள்வார்.

அவளிடம் எப்படிச் சொல்வது? முதல் வருடம், திரும்பி வந்துவிடலாமா என்று நினைத்து அழுத இரவில்கூட, தொலைபேசியில் அவர் சொன்னது இதுதான்: “கடல் என்னைத் தாலாட்டுது பெத்துவா.” அந்த ஒரு வாக்கியத்தின்மேல்தான் மகளின் நர்ஸ் படிப்பும், வீட்டின் தகரக் கூரையும் நின்றன. அது பொய்யென்று தெரிந்தால் அவள் நெஞ்சு என்ன ஆகும்!

போன டிசம்பரில் அந்த வாக்கியத்துக்குச் சோதனை வந்தது. மணிலாவில் கப்பல் நின்றபோது, ஊழியர் குடும்பத்துக்கான சலுகையில் பெர்பெத்துவா ஏறினாள், ஜப்பானின் நாஹா துறைமுகம் வரை. கணவனின் தொட்டிலைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். பயணிகள் ஏறும் நாளின் அமளியில் கரைக்கு ஓடி ஒரு பத்திரிகை வாங்கிவர அவருக்கு நேரமில்லை. பெட்டியில் மீதி ஒரே ஒரு தாள். ஒன்று போதும், நாஹா வரை தாங்கும் என்று தைரியமாக இருந்தார்.

இரண்டாம் நாள் காலை வாடைக்காற்று பிடித்துக்கொண்டது. பதினோராம் அறையில் பீட்ரிஸ் அம்மாள் படுத்துவிட்டார். அன்றைக்கு அவருக்கு எண்பது வயது நிறைகிறது. மதியம் நடனம் ஆடுவதற்கென்றே அடிலெய்டிலிருந்து சிவப்புக் காலணி கொண்டுவந்திருந்தார். கண்ணில் நீரழுத்தம் இருந்ததால் மாத்திரை கூடாதென்று கப்பல் மருத்துவர் சொல்லிவிட்டார். இஞ்சி ஆகவில்லை. ஆப்பிள் பல்செட்டுக்கு ஒத்துவரவில்லை. மணிக்கட்டுப் பட்டை மெலிந்த கையில் வளையல்போல் சுற்றியது.

“தியோ, என்னைத் தூக்கிக் கடல்ல போட்டுடு. உனக்குப் புண்ணியமாப் போகும்.”

“கடல் ரொம்ப ஆடுதும்மா. அப்புறம் போடறேன்.”

அம்மாள் சிரிக்க முயன்று, முடியாமல், கட்டிலடியில் கிடந்த சிவப்புக் காலணியைப் பார்த்துக் கண்கலங்கினார். தியோதுலோவால் அதைத் தாங்க முடியவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். இரண்டு பொத்தானைக் கழற்றினார். கடைசித் தாளை உருவினார்.

“இத வயித்துமேல வச்சுக்குங்கம்மா. எங்க ஊரு வைத்தியம்.”

“சூடா இருக்கே!”

“இப்பத்தான் அச்சாச்சு.”

“என்ன போட்டிருக்கு?”

“வெங்காயம் விலை ஏறியிருக்காம்.”

வெளியே வந்ததும் நடைபாதை அவர் காலடியில் சரிந்தது. மெர்லிண்டா எதிரே ஓடிவந்தாள். “கூயா, உங்க பெர்பெத்துவா சாப்பாட்டுக் கூடத்துல உங்களத் தேடறாங்க. முகத்தத் தொடைச்சுக்கிட்டுப் போங்க. பச்சை மாங்கா மாதிரி இருக்கு!”

படுத்த படுக்கையாக இருப்பாள் என்று அவர் பயந்த பெர்பெத்துவா, ஜன்னலோரம் மூன்றாவது தட்டுப் பூண்டுச் சோற்றோடு உட்கார்ந்திருந்தாள். “வா துலோ! வறுத்த கருவாடுகூட வச்சிருக்காங்க. நம்ம மலைப் பஸ்ஸுக்கு இது மெத்தை. தாலாட்டுதுன்னு நீ சொன்னது நெஜந்தான்!” கருவாட்டின் வாசம் அவர் மூக்கில் ஏறியது. தியோதுலோ மேசையைப் பிடித்துக்கொண்டு, நின்றபடியே, காதல் பாட்டு ஒன்றைப் பாட ஆரம்பித்தார்.

இரண்டாவது அடி முடிவதற்குள் பின்னாலிருந்து சரசரவென்று சத்தம் வந்தது. சிவப்புக் காலணியோடு பீட்ரிஸ் அம்மாள். கன்னத்தில் நிறம் திரும்பியிருந்தது.

“தியோ, உன் பேப்பர் வேலை செய்யுதுப்பா! ஆடப் போறேன்!” என்றவர், பெர்பெத்துவா பக்கம் குனிந்து, “உன் புருஷனாம்மா? தங்கம்! தன் வயித்துலேர்ந்து உருவிக் குடுத்தான். கண்ணாடில பாத்துட்டேன்” என்று சொல்லிவிட்டு, தரை ஆடிய பக்கமெல்லாம் தானும் ஆடிக்கொண்டே போய்விட்டார்.

பாட்டு நின்றது. பதினெட்டு வருடத்து வாக்கியம் மேசைமேல் உடைந்து கிடப்பதுபோல் இருந்தது தியோதுலோவுக்கு.

“பெத்துவா... நான் உங்கிட்ட...”

“போறப்ப எட்டுத் தாள் வைக்கறேன்” என்றாள் அவள், சோற்றை மென்றபடி. “வர்றப்ப ஒண்ணுகூட இருக்கறதில்ல. பெட்டியா தின்னுது?”

“தெரியுமா?”

“கல்யாணத்துக்கு மறுநாள் பஸ்ல மூணாவது வளைவுலயே எம்மேல வாந்தி எடுத்த ஆளு நீ. உன் வயித்த எனக்குத் தெரியாதா? மொதல் வருஷம் நாலு வச்சேன். நாலும் காணோம். அப்புறம் எட்டாக்கினேன்.”

அவர் கண்ணில் நீர் திரண்டது. வயிறு அதற்குக்கூட அவகாசம் தருவதாயில்லை. பெர்பெத்துவா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவரைத் தூண் மறைவுக்கு இழுத்துப்போனாள். தோள்பையிலிருந்து அவள் எடுத்த புதுச் செய்தித்தாள் அவர் வயிற்றின் அகலத்துக்குச் சரியாக, ஓரம் விலகாமல், முன்பே மடித்து வைக்கப்பட்டிருந்தது.

இரண்டு பொத்தானைக் கழற்றி அதை உள்ளே செருகினாள். “துணியில தூசி படாது” என்றாள். பொத்தானைப் போட்டு, மேலே இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, மேசைக்குத் திரும்பிவந்து, கருவாட்டுத் தட்டை அவர் மூக்குக்கு எட்டாத பக்கம் நகர்த்தி வைத்தாள்.