டீக்கடையில் வேலை என்று சொன்ன பிறகு

ஆம்பூர் ரயில் நிலைய மேம்பாலத்தில் பாதிப் படி ஏறியதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கினேன். பின்னால் வருபவர்களுக்கு வழிவிடுவதுபோல ஒதுங்கிக்கொள்வேன். மூச்சு வாங்குவது யாருக்கும் தெரியக்கூடாது என்று கூச்சம்.

எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் முதல் கேள்வி, "எங்க வேலை?"

"தோல் கம்பெனி."

அதோடு சோதனை முடிந்துவிடும். "அப்ப கெமிக்கல்தான்" என்பார்கள். ஸ்டெதஸ்கோப் சட்டைக்கு மேலேயே ஒரு தடவை ஒற்றிவிட்டு விலகும். இன்ஹேலர் (வாயால் இழுத்துக்கொள்ளும் மருந்து) எழுதித் தருவார்கள். வருடக்கணக்கில் இழுத்தேன். பிறகு கால் வீங்கியது. நின்றுகொண்டே வேலை செய்வதால் என்றார்கள். எதிர்த்துக் கேட்கும் வாய் எனக்கு இல்லை. கோபம் வீட்டுக்கு வந்த பிறகுதான் வரும்.

வேலூர் பஸ்ஸில் என் மனைவி விஜயா சொன்னாள். "இந்தத் தடவ கம்பெனின்னு வாயே தொறக்காத. டீக்கடைன்னு சொல்லு."

"பொய் சொல்றதா?"

"நெசத்தச் சொல்லி இன்னா கிழிச்ச?"

வேலூர் ஆஸ்பத்திரியில் இளம் பெண் டாக்டர் ஒருவர் இருந்தார். நான் டீக்கடை என்றதும் நிமிர்ந்து பார்த்தார். "டீ ஆத்துறதுக்கா இவ்ளோ மூச்சு வாங்குது? சட்டையக் கழட்டுங்க."

கழற்றக் கூசியது. நெஞ்சிலும் முதுகிலும் வெகுநேரம் வைத்துக் கேட்டார். என் நெஞ்சை ஒருவர் முழுதாகக் கேட்டது அதுதான் முதல் முறை. எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் படமாகப் பார்க்கும் சோதனை) எடுக்க அவரே அழைத்துப் போனார்.

இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தேன். நெஞ்சில் தடவிய பசை சில்லென்று இருந்தது. விலா எலும்புகளுக்கு நடுவே கருவியை அழுத்தினார். திரையில் சிவப்பும் நீலமும் மாறி மாறி ஓடின.

"நீலம் கெட்ட ரத்தமா மேடம்?" என்று விஜயா கேட்டாள்.

"இல்லம்மா. கருவியப் பாத்து வர்ற ரத்தம் செவப்பாத் தெரியும். வெலகிப் போறது நீலம். அவ்ளோதான்."

பிறகு பெரிய டாக்டரை வரவழைத்தார். இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் ஓட்டை என்றார் அவர். பிறவியிலேயே இருந்தது. அதன் வழியாக ரத்தம் இடப்புறமிருந்து வலப்புறம் பாய்ந்து, வலப்பக்கம் வீங்கிவிட்டது. நுரையீரலில் அழுத்தம் மிகவும் ஏறினால் அந்த ஓட்டம் எதிர்த்திசையில் திரும்பிவிடும். திரும்பிவிட்டால் ஓட்டையை மூட முடியாது.

"திரும்பிடுச்சா?" என்றேன்.

"இருங்க. மூச்சப் புடிங்க. விடுங்க."

திரும்பத் திரும்ப அதையே சொன்னார்கள். படம் தெளிவாக வரவில்லையாம். பயத்தைவிட எரிச்சல்தான் அதிகமாக இருந்தது. ஒருவராவது முன்பே சட்டையைக் கழற்றச் சொல்லியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

"இன்னும் திரும்பல" என்றார் பெரிய டாக்டர். "ஆனா ரொம்ப லேட்டா வந்திருக்கீங்க."

பசையைத் துடைத்துக்கொள்ளும்போது இளம் டாக்டர் சாயம் ஏறிய என் விரல்களைப் பார்த்தார். "இது டீ ஆத்துற கையா?"

"தோல் கம்பெனி மேடம்" என்றாள் விஜயா. "அதச் சொன்னா ஒருத்தரும் நெஞ்சத் தொட்டே பாக்கறதில்ல."



தொடை ரத்தக்குழாய் வழியாகக் குழாய் செலுத்தி நுரையீரல் அழுத்தத்தை அளந்தார்கள். மூடலாம் என்று முடிவானது. அதே வழியாகக் குடைபோல விரியும் மூடியை வைத்து அடைத்தார்கள். இப்போது எக்கோவில் கசிவு இல்லை. வீங்கிய பக்கம் பழையபடி சுருங்குமா என்று கேட்டால், "பாக்கலாம்" என்கிறார்கள். இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

உங்களுக்கும் இப்படி மூச்சு வாங்கினால் வேலையை மறைக்காதீர்கள். வேலையைக் கேட்டதும் மருந்துச் சீட்டை எழுதத் தொடங்கினால், நெஞ்சையும் கேளுங்கள் என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் எனக்கு வாயில் வரவேயில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அடுத்த பள்ளி வெகுதூரம். மற்ற பிள்ளைகளோடு நடக்க முடியாமல் வழியிலேயே உட்கார்ந்துவிடுவேன். சோம்பேறி என்றார் வாத்தியார். அப்பாவும் அப்படியே சொல்லி நிறுத்திவிட்டார். நானும் அதை நம்பினேன். இந்த வயதுவரை நம்பினேன்.

வாத்தியாரும் அப்பாவும் இப்போது இல்லை. காலையில் வேகமாக நடக்கிறேன். மூச்சு சுலபமாக வருகிறது. நடக்க நடக்கக் கோபமும் வருகிறது. இந்த மூச்சு எனக்குப் பத்து வயதில் வந்திருக்க வேண்டியது.